விற்காத சரக்கு

“விற்காததால்தான் அது அரிது.” போகிற போக்கில் ஒருவர் சொன்ன இந்த வாக்கியம் ரொம்ப நாளாக என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. சொன்னவர் பழைய தந்தி வாத்தியங்களைப் பழுது பார்ப்பவர். பாஸ்டனுக்கு வெளியே, வீட்டின் கீழ்த்தளத்திலேயே பட்டறை வைத்திருக்கிறார். எழுபதைத் தாண்டிய மனிதர். எந்த வாத்தியத்தைக் கொடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பார். பழைய செல்லுலாய்ட் சிதைய ஆரம்பித்தால் கற்பூரமும் காடியும் கலந்த மாதிரி ஒரு நெடி வரும். அது பக்கத்தில் இருக்கிற உலோகத்தையெல்லாம் அரித்துவிடும். அந்த நெடி இல்லை என்று தெரிந்த பிறகுதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்கவே ஆரம்பிப்பார். நான் கொண்டுபோயிருந்த மாண்டலினை “ரொம்ப அரிதானது” என்று கொஞ்சம் பெருமையாகவே அவரிடம் நீட்டினேன். அதற்குக் கிடைத்த பதில்தான் அது.

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் ஓட்டையே இல்லை. நன்றாக விற்றதை நிறையச் செய்தார்கள். நிறையச் செய்ததால் இன்றும் நிறைய மிஞ்சியிருக்கிறது. மிஞ்சாதது அன்றைக்கே ஆட்கள் சீந்தாமல் விட்டது. அப்படியென்றால் வினோதமான பழைய மாண்டலின்களைத் தேடித் தேடிச் சேர்க்கிற என்னைப் போன்றவர்கள், சந்தை நூறு வருஷத்துக்கு முன்பே கழித்துக்கட்டியதைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறோம் என்றுதானே ஆகிறது? வீட்டில் இதையே வேறு வார்த்தைகளில் பலமுறை கேட்டிருக்கிறேன், அது வேறு விஷயம். ஆனால் தொழில் தெரிந்த ஒருவர் சொல்லும்போது சும்மா தோளைக் குலுக்கிவிட்டுப் போக முடியவில்லை.

இடுப்பு வைத்த மாண்டலின்

1890களில் அமெரிக்காவுக்கு மாண்டலின் பித்து பிடித்திருந்தது. கல்லூரிகளிலும் சின்ன ஊர்களிலும் மாண்டலின் சங்கங்கள் முளைத்தன. அன்று பெரும்பாலானவர்கள் கையில் இருந்தது இத்தாலிய வழக்கப்படி முதுகில் குடம் வைத்த மாண்டலின். மெல்லிய மரப்பட்டைகளை வளைத்து, ஒன்றோடொன்று ஒட்டிச் செய்த குடம். போட்டி கூடக்கூட ஒவ்வொரு கம்பெனியும் “எங்களுடையது வேறு” என்று காட்ட வேண்டியிருந்தது. சுலபமான வழி அலங்காரம். குடத்தில் பட்டைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவார்கள். பத்துப் பன்னிரண்டு பட்டை வைத்தது மலிவு ரகம், முப்பது நாற்பது என்றால் உயர்ரகம். மேல் பலகையில் கிளிஞ்சல் பதித்து ஒரு பட்டாம்பூச்சி வைப்பார்கள். இப்படிப்பட்டவை இன்றும் பழம்பொருள் சந்தைகளில் நூறு, நூற்றைம்பது டாலருக்குக் கிடைக்கின்றன. பார்க்க ஜொலிக்கும். ஆனால் உள்ளே எல்லாம் ஒன்றேதான்.

இன்னொரு வழி உருவத்தை மாற்றுவது. அந்தக் காலத்தில் கிடாரைச் சுருக்கிய மாதிரி இடுப்பு வைத்த மாண்டலின்கள் வந்தன. இவற்றை மாண்டலினெட்டோ என்பார்கள். என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் பெயர்ச்சீட்டு உரிந்துபோய்விட்டது. வேலைப்பாட்டைப் பார்த்தால் சிகாகோ தொழிற்சாலைச் சரக்கு என்றுதான் படுகிறது. இன்னொன்று பிரிம்ஃபீல்ட் பழம்பொருள் சந்தையில், ஒரு கூடாரத்தின் மூலையில், சாயம் போன கம்பளிகளுக்கு நடுவே கிடைத்தது. துளை வழியாக எட்டிப் பார்த்தால் சீட்டு அப்படியே இருந்தது. ஹோவ்-ஓர்ம். பாஸ்டன் நகரத்து எலியாஸ் ஹோவ் கம்பெனியின் தயாரிப்பு. (தையல் எந்திர எலியாஸ் ஹோவ் இவர் இல்லை. அவரும் இதே மாநிலத்துக்காரர், பிறந்தது 1819. நம்மவர் 1820இல் பிறந்தவர், இசைப் புத்தகம் போட்டுப் பெயர் வாங்கியவர். விற்பனைக்காரர்கள் பலர் இருவரையும் ஒருவராக்கி, அந்தக் கதைக்கும் சேர்த்து விலை கேட்பார்கள்.) இந்த வாத்தியம் வந்தது 1890களில், கிட்டத்தட்ட ஹோவின் வாழ்க்கை முடிகிற நேரத்தில். கம்பெனி பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர்ம், கனடாவின் ஒட்டாவாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஓர்ம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “இதில் எதுவும் எதற்கும் உதவாது என்கிறீர்களா?” என்று பழுது பார்ப்பவரிடம் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு குட்டி பல்பை முதலில் சிகாகோ மாண்டலினின் துளைக்குள் இறக்கி, பல் வைத்தியர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியையும் உள்ளே விட்டார். நானும் குனிந்து பார்த்தேன். மேல் பலகை தட்டை. அதற்கு அடியில் குறுக்கே கனத்த சட்டங்கள், ஓரத்தில் வழிந்து காய்ந்த பசை. பலகை துளைக்கும், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கும் நடுவே கொஞ்சம் அமுங்கியிருந்தது. தந்தி இழுத்த இழுப்பில் தட்டைப் பலகைகள் வழக்கமாக அமுங்கும் இடம் அது. கிடார் மாதிரி இடுப்பு வெளியே மட்டும்தான். அந்த இடுப்பு இல்லாமல் பேரிக்காய் உருவத்திலேயே செய்திருந்தாலும் உள்ளே ஒரு சட்டம்கூட இடம் மாறியிருக்காது.

அப்புறம் ஹோவ்-ஓர்ம். இதன் மேல் பலகை தட்டை இல்லை. கழுத்திலிருந்து வால் வரை, தந்திகளுக்கு நேர் கீழே, நீளவாக்கில் ஒரு மேடு ஓடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதையும் ஓர் அலங்காரம் என்றுதான் நினைப்பார்கள். நானும் கடையில் வாங்கும்போது அதில் பெரிதாக ஒன்றும் தேடவில்லை. கண்ணாடியில் பார்த்தால் வெளியே மேடாக இருக்கும் இடம் உள்ளே அதே அளவுக்குப் பள்ளமாக இருந்தது. தடித்த மரத்தை மேலே மட்டும் செதுக்கிக் காட்டிய மேடு இல்லை அது. மெல்லிய ஸ்ப்ரூஸ் மரப் பலகையையே வளைத்திருக்கிறார்கள். குறுக்குச் சட்டத்தின் விளிம்பை அந்த வளைவுக்குத் தக்கபடி சீவியிருக்கிறார்கள். பிரிட்ஜைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பார்த்தேன். அதன் பாதமும் வளைவாகக் குடையப்பட்டிருந்தது. அசல் பிரிட்ஜ்தான் என்பதற்கு அது ஒன்றே போதும். யாராவது பின்னால் கடைச் சரக்கை வாங்கிப் பொருத்தியிருந்தால் பாதம் தட்டையாக இருந்து ஆடிக்கொண்டிருக்கும்.

வளைத்தவர்களுக்கு என்ன லாபம்? நெளித் தகரம் தட்டைத் தகரத்தைவிடப் பாரம் தாங்குவதற்கு என்ன காரணமோ அதேதான். நெளிவு ஓடும் திசையில் அது மடங்காது. தந்திகள் பலகையை நீளவாக்கில்தான் மடக்கப் பார்க்கின்றன. மேடும் அதே திசையில் ஓடினால், பலகையை மெல்லியதாகவே வைத்துக்கொண்டு பலத்தையும் பெறலாம். மெல்லிய பலகை நன்றாக அதிரும். நூறு வருஷத்துக்கும் மேலாகத் தந்தி இழுத்தும் என்னுடையதில் அமுக்கமே இல்லை. மேடு ஆரம்பிக்கும் ஓரத்தில் நீளமாக ஒரு விரிசல் மட்டும் இருக்கிறது. வளைத்த மரத்துக்கு அந்த இடம்தான் வலி.

அந்தப் பட்டறை மேசையில்தான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. வெளியே தெரிகிற வினோதம் உள்ளே எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான் கேள்வி. மேற்பூச்சோடு நின்றுவிட்டால் அது வியாபார உத்தி. சட்டம், பிரிட்ஜ், பலகையின் கனம் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லியிருந்தால் அங்கே ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அன்றிலிருந்து அரிதா, எத்தனை மிஞ்சியிருக்கிறது என்றெல்லாம் விசாரிப்பதை ஏறக்குறைய விட்டுவிட்டேன். கண்ணாடியும் பல்பும் எப்போதும் பையில் இருக்கும்.

அதே ஊரில் ஒரு கூன்

ஹோவ்-ஓர்ம் வந்து ஏறக்குறைய பதினைந்து, இருபது வருஷம் கழித்து, அதே பாஸ்டனில், வேகா கம்பெனி இந்த மேட்டை முதுகுப் பக்கம் கொண்டுபோய் வைத்தது. சிலிண்டர் பேக் என்று சேகரிப்பாளர்கள் சொல்லும் மாண்டலின். மேல் பலகை பார்வைக்குச் சாதாரணம். திருப்பினால் முதுகின் நடுவே ஒரு கூன் ஓடும். வாலுக்கடியில் பக்கப் பலகையே அந்தக் கூனுக்கு இடம் கொடுத்துக் கீழே இறங்கியிருக்கும். வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது அந்த இடத்தைத்தான். கீழே விழுந்த வாத்தியமாக இருந்தால் பிளவு அங்கேதான் ஆரம்பிக்கும், பசையும் அங்கேதான் புதிதாகத் தெரியும். குடம் இல்லாமலே கொஞ்சம் ஆழம் கிடைக்கிறது, மடியில் வழுக்காமலும் உட்காருகிறது. இதன் சத்தம் எனக்குத் தனிப்பட்ட முறையில் ரொம்பப் பிடிக்கும். குடத்தின் இனிமையும் தட்டை முதுகின் அழுத்தமும் பாதிக்குப் பாதி. இதை வடிவமைத்தவர்களுக்கு பாஞ்சோ என்ற இன்னொரு தந்தி வாத்தியம்தான் சோறு போட்டது. 1904இலேயே ஃபேர்பேங்க்ஸ் பாஞ்சோ கம்பெனியை வேகா வாங்கிவிட்டது. 1970இல் வேகாவையே மார்ட்டின் கம்பெனி வாங்கியது, அதுவும் பாஞ்சோவுக்காகத்தான்.

நியூயார்க்கில் மெரில் என்பவரின் கம்பெனி 1890களில் குடத்தை அலுமினியத்தில் செய்தது. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் 1886க்கு முன் அலுமினியம் விலை உயர்ந்த உலோகம். மின்சாரத்தால் பிரித்தெடுக்கும் முறை வந்ததும் விலை மளமளவென்று சரிந்து, எதை எதையோ அலுமினியத்தில் செய்துபார்த்த காலம் அது. ஒட்டு விடாத, பூச்சி அரிக்காத, வெயிலில் வெடிக்காத குடம் வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியதில் தப்பே இல்லை. எனக்கு வாங்கும் எண்ணமில்லை, அவ்வளவுதான்.

ஜெயித்தவர்களின் கதை

சரி, இத்தனை யோசித்தும் இவையெல்லாம் ஏன் தோற்றன? கிப்சன் கம்பெனி வந்ததால் என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். வயலினைப் போல மேலும் கீழும் செதுக்கிய பலகை, அதன் சத்தத்துக்கு முன்னால் மற்றவை நிற்கவில்லை என்பது வழக்கமான விளக்கம். பாதிதான் உண்மை. ஆர்வில் கிப்சன் 1898இல் காப்புரிமை வாங்கிய மாண்டலினின் உயிர்நாடியான யோசனையே வேறு. பக்கங்களை வளைக்கவே கூடாது, கழுத்தையும் பக்கங்களையும் ஒரே மரத்திலிருந்து அறுத்தெடுக்க வேண்டும் என்றார் அவர். 1902இல் மிச்சிகன் மாநிலத்துக் கலமஸூவில் அவர் பெயரில் கம்பெனி தொடங்கியவர்கள், சில வருஷங்களிலேயே அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பக்கங்களை வளைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஜெயித்த கம்பெனியிலேயே, பெயர் கொடுத்தவரின் யோசனை தோற்றுப்போனது.

கிப்சன் ஜெயித்ததில் மரத்துக்கு எவ்வளவு பங்கோ, விற்ற விதத்துக்கும் அவ்வளவு பங்கு. ஊருக்கு ஊர் மாண்டலின் வாத்தியார்களையே முகவர்களாகப் பிடித்தார்கள். வாத்தியார் சொல்கிறார், மாணவர் வாங்குகிறார். கையில் காசில்லையா, தவணை முறை இருக்கிறது. விளம்பரங்களில் குடம் வைத்த மாண்டலினை உருளைக்கிழங்கு வண்டு என்று கேலி செய்தார்கள். கோடு கோடான அந்தக் குடத்தைப் பார்த்தால் அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை. பாஸ்டன்காரர்களின் மேடும் கூனும் இப்படிப்பட்ட வியாபாரத்துக்கு முன்னால் எப்படி நிற்கும்?

ஆனால் பழுது பார்ப்பவரின் வாக்கியத்தை உண்மையிலேயே ஆட்டம் காணச் செய்வது வேறொரு மாண்டலின். அது கிப்சன்தான். எஃப்-5. 1919இல் கிப்சனில் சேர்ந்த லாயிட் லோர் 1922இல் கொண்டுவந்தது. வட்டத் துளைக்குப் பதில் வயலின் மாதிரி இரண்டு எஃப் துளைகள், பலகையைத் தொடாமல் உயர்ந்து நிற்கும் விரல்பலகை, உள்ளே தட்டித் தட்டிச் சுருதி பார்த்துச் சீவிய சட்டங்கள். விலை 250 டாலர். அப்போது மாண்டலின் காலம் முடிந்துபோயிருந்தது. ஜாஸ் வந்து, எல்லோரும் பாஞ்சோ பக்கம் போய்விட்டார்கள். எஃப்-5 சரியாகப் போகவில்லை. 1924 முடிவதற்குள் லோர் கம்பெனியை விட்டே போய்விட்டார். அவர் கையெழுத்திட்ட சீட்டுள்ள மாண்டலின்கள் சில நூறுதான். அவற்றில் ஒன்று, 1923 ஜூலை 9 என்று தேதியிட்டது, 1940களில் ஃபுளோரிடாவில் ஒரு சிகையலங்காரக் கடையில் விற்பனைக்குக் கிடந்தது. பில் மன்ரோ 150 டாலருக்கு வாங்கினார். புளூகிராஸ் என்று ஒரு இசையே அந்த மாண்டலினைச் சுற்றி எழுந்தது. இன்று லோர் கையெழுத்திட்ட எஃப்-5 கிடைத்தால் லட்சம் டாலருக்கு மேல். உலகத்தில் எல்லோரும் நகலெடுக்கும் மாண்டலின் அதுதான்.

அதாவது, உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்திருக்கும் மாண்டலினும் ஒரு காலத்தில் விற்காத சரக்கு! இதை அவரிடம் சொன்னபோது என் குரலில் வெற்றிக் களிப்பு இருந்திருக்க வேண்டும். அவர் அரம் தேய்த்துக்கொண்டே, “அதுக்கு மன்ரோ வந்தார். உன் ஹோவ்-ஓர்முக்கு யார் வந்தாங்க?” என்றார்.

யார் வந்தாங்க?

இந்தக் கேள்வி முந்தையதைவிட மோசம். கேன்சஸ் மாநிலத்து டொபீகாவில் ஆல்பர்ட் ஷட் என்பவர் 1910களிலேயே எஃப் துளையும் உயர்த்திய விரல்பலகையும் வைத்து மாண்டலின் செய்தார், லோருக்கு முன்பே. என் அளவுகோல்படி அது முதல் தரம்: யோசனை உள்ளே வரை போகிறது, பின்னால் சரி என்றும் நிரூபணமானது. இருந்தும் சேகரிப்பாளர்களுக்கு வெளியே ஷட்டை யாருக்கும் தெரியாது. அவருக்கு ஒரு மன்ரோ கிடைக்கவில்லை.

நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. மாண்டலின் என்றதும் தமிழர்களுக்கு நினைவு வருவது ஒரே முகம்தான். ஒற்றைத் தந்திகள் ஐந்து வைத்த மின்சார மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸுக்கு முன்பே உலகத்தில் இருந்தது. டெக்சாஸ் பாணி நடன இசை வாசித்த டைனி மூருக்கு 1952இலேயே பால் பிக்ஸ்பி ஒன்று செய்துகொடுத்தார். ஃபெண்டர் கம்பெனி 1956இல் நாலு ஒற்றைத் தந்தியோடு ஒன்றைக் கொண்டுவந்து, இருபது வருஷம் சுமாராக விற்றுவிட்டு நிறுத்திக்கொண்டது. அமெரிக்காவில் அது ஓரத்தில் கிடந்த பொருள். சென்னையில் ஒரு சிறுவன் மாண்டலினின் வழக்கமான ஜோடித் தந்திகளை விட்டு ஒற்றைத் தந்தி மாண்டலினில் கமகத்தோடு கர்நாடக இசை வாசித்தபோது, அது ஒரு கச்சேரி வாத்தியம் ஆகிவிட்டது. ஜோடித் தந்தியைச் சேர்த்து இழுத்தால் இரண்டும் ஒரே மாதிரி நகராது, சுருதி பிசிறும். ஒற்றைத் தந்திக்கு இசைக்குள்ளேயே காரணம் இருந்தது. வாத்தியம் ஏற்கெனவே இருந்தது, ஆள்தான் வர வேண்டியிருந்தது.

அதனால்தான் ஹோவ்-ஓர்மை அலமாரியிலிருந்து இறக்கி, இங்கே கர்நாடக வயலின் படிக்கும் ஒரு பெண்ணிடம் கொடுத்தேன். வயலின் விரல் பழக்கம் இருப்பதால் மாண்டலின் அவளுக்குப் புதிதில்லை. ஒரே ஒரு நிபந்தனை: 9க்கு (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு) மேல் தடித்த முதல் தந்தி போடக் கூடாது. புளூகிராஸ்காரர்கள் போடுவது 11, அது இந்தப் பலகைக்கு ஆகாது. கொஞ்ச நாளில் அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது: “அங்கிள், ஜோடித் தந்தில தோடி காந்தாரம் வரவே மாட்டேங்குது. ஒத்தைத் தந்தி போட்டுக்கவா?”

சேகரிப்பாளன் என்ற முறையில் இதற்கு இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். தந்தியை மட்டும் குறைத்தால் பரவாயில்லை. ஒற்றைத் தந்தி நடுவில் வரும்படி, கழுத்து முனையில் தந்தி உட்காரும் நட்டிலும் பிரிட்ஜிலும் புதிய வெட்டு வேண்டும். அசலில் வெட்ட விட மாட்டேன். கடைசியில் இரண்டையும் புதிதாகச் செய்வது, அசல் இரண்டையும் உறையில் போட்டுப் பெட்டிக்குள் வைப்பது என்று முடிவானது. வேலை பழுது பார்ப்பவரிடமே போனது. வளைந்த பலகைக்குப் பிரிட்ஜ் பொருத்துவது இம்சை என்று ஆரம்பத்திலேயே முனகினார். பலகைமேல் உப்புத்தாளை விரித்து, அதன்மேல் பிரிட்ஜை வைத்துத் தேய்த்துத்தான் பாதத்துக்கு வளைவு கொண்டுவர வேண்டும். செதுக்கிய பலகையில் இடத்துக்கு இடம் வளைவு மாறுவதால் அரை அங்குலத்துக்கு மேல் நகர்த்த முடியாது. இதில் மேடு நேராக ஓடுவதால் கை தாராளமாக முன்னும் பின்னும் போய்வந்தது. கால் மணி நேரத்தில் பாதம் ஒட்டிக்கொண்டது. “இது ஒண்ணு இதுல நல்லா இருக்கு” என்றார். கூலியில் ஒரு டாலர்கூடக் குறைக்கவில்லை.

காந்தாரம் முன்னைக்கு இப்போது தேவலை என்கிறாள். விரல்பலகையில் ஃபிரெட்டுக் கம்பிகள் நெருக்கம், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. இப்போதைய புகார், தந்தியை முறுக்கும் ட்யூனர்: மூன்றாம் தந்தி இழுத்த இடத்தில் நிற்பதில்லை, பற்கள் தேய்ந்துவிட்டன. புதிய செட் மாட்டுவதில் சிக்கல் இருக்கிறது. 1920களின் நடுவில் ட்யூனரின் திருகாணியும் பற்சக்கரமும் மேலும் கீழுமாக இடம் மாறிவிட்டன. பழைய துளைகளில் புதியதை மாட்டினால் முறுக்கும் திசை தலைகீழாகிவிடும். அந்தக் காலத்து உடைந்த மாண்டலின் எதிலிருந்தாவது ஒரு செட் கழற்றிக்கொள்ளலாம் என்று, இந்த மே மாதம் பிரிம்ஃபீல்டில் பட்டாம்பூச்சி பதித்த மாண்டலின்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.